ஐந்து வாளித் தண்ணீர்

வடிகால் மூடியில் கை வைப்பதற்கு முன் நோபேட் ஒரு வாளி தண்ணீர் கேட்கிறார். அதைத் தானே தூக்கிவந்து குளியலறைத் தரையில் மெல்லச் சரிக்கிறார். பிறகு சாரனை ஒதுக்கிக்கொண்டு குந்தியிருந்து பார்க்கிறார். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, எந்த டைலில் தயங்குகிறது, துளைக்கு மேலே குமிழி வருகிறதா என்று. அடைத்திருக்கிறது என்று சொல்லித்தான் அவரை வரவழைத்திருக்கிறார்கள். அது அவருக்குப் போதாது. "நீங்க சொன்னது சரி. தண்ணிட்டயும் ஒருக்காக் கேக்கோணும்தானே" என்பார்.

குமிழி வந்தால் அடைப்பு தூரத்தில். வராவிட்டால் கிட்டே, அந்த வளைவுக்குள்ளேயே. இதை அவருக்கு எவரும் படிப்பிக்கவில்லை. நான் இதைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில்தான் படித்தேன்.

நோபேட்டுக்கு வயது அறுபத்தொன்று. ஊர் பெரியகல்லாறு. மெலிந்த உடம்பு, நீளமான கைகள், இடது காதில் எப்போதும் ஒரு தச்சுப் பென்சில். பெண்கள் ஓட்டும் சைக்கிளில் வருவார். அது அவருடைய மனைவி செசீலியாவினது. ஆண்களுடைய சைக்கிளில் குறுக்குக் கம்பி இருக்கிறது, சாரனோடு ஏறி இறங்குவது கஷ்டம், முன்னால் கூடையும் இல்லை என்று காரணம் சொல்வார். செசீலியாவிடம் கேட்டால், அவருடைய சைக்கிளை எங்கோ ஒரு வீட்டில் மறந்து விட்டுவிட்டு வந்தார், எந்த வீடென்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை என்பார். கல்முனை வீதியில் கல்லாற்றிலிருந்து குருக்கள்மடம் வரை அந்தக் கூடையைத் தெரியாதவர்கள் குறைவு.

இந்தப் பக்கத்தில் அவருக்கு வேலை ஓயாது. ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி, நடுவில் ஒரு கீற்று மணல். நிலத்துக்குச் சரிவே இல்லை. சரிவு வேண்டுமென்றால் கட்டுகிறவன்தான் கொடுக்க வேண்டும். நோபேட் சொல்வது: "இஞ்சத்தத் தண்ணிக்கு எங்கயும் போக விருப்பமில்ல. நாமதான் புத்திமதி சொல்லி அனுப்போணும்."

ஆயுதங்கள் ஒரு பழைய பால்மாப் பேணிக்குள் சுருண்டு கிடக்கும். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிள்கள் மூன்று. ஒன்று முழ நீளம், ஒன்று இரண்டு முழம், ஒன்று அதைவிடக் கூட. ஒவ்வொன்றின் நுனியையும் பிரித்து, கம்பிகளைப் பின்பக்கம் வளைத்து முள்ளாக்கியிருக்கிறார். உள்ளே விட்டு, வலப்பக்கம் சுழற்றினால் பிடிக்கும். இடப்பக்கம் சுழற்றினால் விட்டுவிடும். அதோடு ஒரு முழ நீளத் தோட்டக் குழாய்த் துண்டு. ஒரு நுனியைத் துளைக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக்கொள்வார். அப்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது. குக்கர் விசில் அடித்தால்கூடத் திரும்பி முறைப்பார்.

அசிட், சோடா எதையும் தொடமாட்டார். ஊற்றியிருக்கிறீர்களா என்று முதலில் கேட்பார். ஊற்றியிருந்தால் இரண்டு நாள் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கையைச் சுடும் என்பது ஒரு காரணம். மற்றது, உள்ளே கிடந்தது எதுவென்று பிறகு தெரியாமல் போய்விடும் என்பது. அவருக்கு அடைப்பை நீக்கினால் மட்டும் போதாது. எது அடைத்தது என்று தெரியவேண்டும்.

அதனால்தான் பேப்பர். வீட்டுக்காரரிடம் ஒரு பழைய பேப்பர் கேட்டு வாங்கி, விரிப்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் பார்ப்பார். சாமிப் படம் இருந்தால் அந்தத் தாளை எடுத்து மடித்துத் திருப்பிக் கொடுப்பார். மரண அறிவித்தல்கள் இருக்கும் தாளையும் அப்படித்தான். "முகம் கிடக்கு. அதுக்கு மேல ஊத்தையப் போடுறதா?" மிச்சத்தை விரித்து, உள்ளிருந்து வருவதையெல்லாம் வந்த ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாக வைப்பார். முடிந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இதுல உங்கட ஏதும் கிடக்கா?" என்று கேட்பார். ஒரு ரியூஷன் மாஸ்டரின் வீட்டில் சோக்கட்டித் துண்டுகள் வரிசையாக வந்திருக்கின்றன. களுவாஞ்சிகுடியில் ஒரு வீட்டில் கல்யாணத் தோடு. பதினொரு வருடமாக வேலைக்காரப் பெண்ணைச் சந்தேகப்பட வைத்த தோடு. அந்த வீட்டம்மா தோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதாராம். சந்தோசத்திலா என்று கேட்டேன். "இல்ல மகள். வெக்கத்துல" என்றார்.

சொல்லாத கதைகள் அதைவிடக் கூட. ஒரு வீட்டில் யாருடைய தலையிலும் இல்லாத நிறத்தில் மயிர் வந்திருக்கிறது. எந்த ஊர், எந்த வீடு என்று எத்தனை பேர் எப்படிக் கேட்டும் அவர் வாய் திறந்ததில்லை. அந்த ஒரு துண்டை மட்டும் பேப்பரில் வைக்காமல் சாரன் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நான் எங்கள் வீட்டில்தான் முழுமையாகப் பார்த்தேன். ஒரேயடியாக எல்லாவற்றையும் இழுத்தெடுக்கமாட்டார். ஒன்றை எடுப்பார், ஒரு வாளி ஊற்றுவார், பார்ப்பார். அடுத்ததை எடுப்பார், இன்னொரு வாளி. அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகும். எதற்காக என்றால், "எது எவ்வளவு அடைச்சது எண்டு தெரியாமப் போயிருமே" என்பார். தெரிந்து என்ன செய்வது என்று கேட்டால் அடுத்த வாளியைத் தூக்குவார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அம்மா இறந்த இருபத்துநான்காம் நாள்.

அம்மா ஒரு வெள்ளிக்கிழமை காலை குளிக்கப் போனார், அங்கே விழுந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். பிரஷர் ஏறியும் விழுந்திருக்கலாம், வழுக்கியும் விழுந்திருக்கலாம் என்றார் டாக்டர். அப்பா இரண்டாவதை எடுத்துக்கொண்டார். ஏனென்றால் அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை, தண்ணீர் மெல்லப் போகிறது, நோபேட்டைக் கூப்பிடுங்கள் என்று அம்மா சொல்லியிருந்தார். அப்பா நாளைக்கு என்றார். புதன்கிழமையும் நாளைக்கு என்றார். வியாழக்கிழமை அம்மா போனில் எனக்குச் சொன்னார். கொழும்பில் மாடிக் கட்டடங்களுக்கு நீர்க்குழாயும் வடிகாலும் வரைவது என் வேலை. அந்தக் குளியலறையை வரைந்ததும் நான்தான். பொங்கல் லீவுக்கு வரும்போது பார்க்கிறேன் என்றேன்.

அப்பாவின் பெயர் இராசதுரை. எழுபத்துநான்கு வயது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். அம்மா விழுந்த நாளிலிருந்து அவர் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. கிணற்றடியில் குளித்தார். மாரிகாலம், கிணற்றுக்கட்டு பாசி பிடித்துக் கிடந்தது, அவருக்கு ஒரு முழங்கால் மடங்காது. நான் சொன்னேன், மாமி கேதீஸ்வரி சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கே போனார். முப்பத்தோராம் நாள் கிரியை முடிய நான் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். பிறகு வீட்டில் அவர் தனி.

முதல் எட்டு நாள் வந்து போன சொந்தக்காரர்கள் அந்தக் குளியலறையில்தான் குளித்தார்கள். ஒன்பதாம் நாள் தண்ணீர் வடிவது முற்றாக நின்றுவிட்டது. எனக்கு அந்த வேலை தெரியும். இரண்டு முறை மூடிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். கை போகவில்லை. நோபேட்டைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து சைக்கிளை வேலியோடு சாத்தினார். கால் கழுவினார். சுவரில் இருந்த அம்மாவின் படத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்று, காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு நின்று, திரும்பவும் காதில் வைத்தார். பிறகு வாளி கேட்டார்.

அவர் முதல் வாளியைச் சரித்துவிட்டுக் குந்தியிருந்தபோது அப்பா நடைக்கு வந்து நின்றார். வாசலுக்கு இப்பால். அன்று காலையில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எடுத்துப் போட்டா பிறகு பாக்க ஏலாது, நோபேட். எடுக்க முந்தி ஒண்டு பாக்கோணும். தண்ணி எங்கமட்டும் வந்து நிக்கும்?"

நோபேட் ஏன் என்று கேட்கவில்லை. எங்கே என்று கேட்டார். அப்பா விரலை நீட்டிக் காட்டினார். கதவிலிருந்து இரண்டாவது வரிசை, சுவரிலிருந்து மூன்றாவது டைல். அம்மா விழுந்த இடம். துளை எதிர் மூலையில் இருக்கிறது. இடையில் ஆறு அடி. நான் கொடுத்த சரிவு எண்பதுக்கு ஒன்று.

நோபேட் இரண்டாவது வாளியை ஊற்றினார். தண்ணீர் விரிந்து பாதித் தரைக்கு வந்தது. மூன்றாவதை ஊற்றினார். அது அந்த டைலின் ஓரத்தைத் தொட்டது, பிறகு மூடியது, பிறகு தாண்டியது. நோபேட் வாளியைக் கீழே வைத்தார்.

"அப்ப சரி" என்றார் அப்பா. முற்றத்துக்குப் போய் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

நோபேட் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. தேங்கிய தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி வாளிக்குள் விட்டார். மூடியின் நான்கு ஆணிகளையும் கழற்றி ஒரு தீப்பெட்டிக்குள் போட்டார். நான் டோர்ச் பிடித்தேன்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. கை இரண்டும் ஊத்தை. சட்டைப் பையிலிருந்து நான்தான் எடுத்துப் பொத்தானை அமத்தினேன். செசீலியா. ஸ்பீக்கரில் குரல் முற்றம்வரை கேட்டது. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அவர் பேசினார்.

"குருக்கள்மடத்துத் தண்ணி ஓடுது, களுவாஞ்சிகுடித் தண்ணி ஓடுது. எங்கட குசினித் தண்ணி மட்டும் முத்தத்துல நிக்குது. வாத்து வளக்கலாம் போல கிடக்கு. எப்ப பாக்கிறயள்?"

"நாளைக்கு."

"ரெண்டு மாசமா ஒரே நாளைக்கு."

"நாளைக்குப் பாக்கன் செசீலி. இது செத்த வீடு."

மறுமுனை சட்டென்று அடங்கியது. யார் என்று மெல்லக் கேட்டது. கண்ணகை அக்கா என்று நோபேட் சொன்னார். செசீலியாவுக்கு அம்மாவைத் தெரியும். செய்தி தெரிந்திருக்கவில்லை. வேலையைப் பார்த்து முடித்துவிட்டே வாருங்கள் என்று வைத்துவிட்டார்.

நோபேட் நடுக் கேபிளைத் தெரிந்தெடுத்தார். உள்ளே விட்டு ஒன்றரைச் சுற்று. மெல்ல இழுத்தார். முதலில் வந்தது செவ்வந்தி இதழ்களும் ஒரு மாலை நூலும். பேப்பரில் இடப்பக்கம் வைத்தார். அடுத்த இழுப்பில் வந்ததை அவர் உடனே வைக்கவில்லை. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு டோர்ச்சின் பக்கம் திருப்பினார்.

நெல். கைப்பிடி அளவு. எல்லாம் முளைத்திருந்தது. வெளிச்சம் படாததால் முளைகள் பச்சையில்லை, நூல் போல வெள்ளை, விரல் நீளம். வேர்கள் ஒன்றையொன்று பின்னி, மணலையும் சாம்பலையும் சேர்த்துப் பிடித்து, குழாயின் வளைவு அளவுக்கே ஒரு தக்கையாகியிருந்தன. அப்படி ஒன்றை வேண்டுமென்று செய்தாலும் அவ்வளவு பொருத்தமாகச் செய்ய முடியாது.

"இது எப்ப போன நெல்லு, மகள்?"

யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அம்மாவை எடுத்துக்கொண்டு போனதும் பெண்கள் வீடு கழுவினார்கள். தலைமாட்டில் நிறைகுடத்துக்குக் கீழே பரப்பியிருந்த நெல், பூ, விளக்கடிச் சாம்பல், எல்லாவற்றோடும் தண்ணீர் ஊற்றித் தள்ளினார்கள். மற்ற வீடுகளில் அந்தத் தண்ணீர் வாசலால் முற்றத்துக்குப் போகும். எங்கள் வீட்டு வாசற்படியை நான் நாலு அங்குலம் உயர்த்திக் கட்டுவித்திருந்தேன், மாரியில் வாவி ஏறும்போது வெள்ளம் உள்ளே வராமல் இருக்க. அதே படி உள்தண்ணீரையும் வெளியே விடவில்லை. மாமி கேதீஸ்வரியும் மற்றவர்களும் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறார்கள். பள்ளம் குளியலறைப் பக்கம்.

இதைச் சொன்னேன். யார் தள்ளியது என்று நோபேட் கேட்கவில்லை. ஒரு முளையைப் பென்சிலோடு சேர்த்து வைத்து நீளம் பார்த்தார். நெல்லைப் பேப்பரில் பூவுக்குப் பக்கத்தில் வைத்தார். கேபிளைத் திரும்பவும் உள்ளே விட்டார், இந்த முறை சுழற்றாமல், நுனியால் தொட்டுப் பார்ப்பதற்கு மட்டும்.

"கீழ இன்னொண்டு கிடக்கு. மயிர்."

நான் எடுக்கச் சொன்னேன். அவர் எடுக்கவில்லை. கேபிளை வெளியே இழுத்துச் சுற்றிப் பேணிக்குள் வைத்துவிட்டு, குந்தியிருந்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா விழுந்த அண்டைக்கு இந்த நெல்லு உள்ளுக்க இல்ல. மயிர் கிடந்திருக்கும். மறுகா செத்த வீட்டுக்கு வந்தாக்கள்ற மயிரும் அதோட சேந்திரிக்கி. அண்டைக்கு இருந்ததவிட இப்ப கொஞ்சம் மோசம். நல்லம் இல்ல."

புரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை குழாய் இருந்த நிலை இப்போது, இந்த நேரம், எங்களுக்கு முன்னால் இருக்கிறது. மயிரையும் எடுத்துவிட்டால் அது போய்விடும். முப்பது மாடிக்கு வரைகிற எனக்கு அது தோன்றவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொரு வாளி ஊற்றுகிற மனுசனுக்குத் தோன்றியது.

அவரே எழுந்து முற்றத்துக்குப் போனார். கதிரைக்கு முன்னால் நின்றுகொண்டு அக்கா எத்தனை வாளியில் குளிப்பார் என்று கேட்டார். அம்மா ஷவரை ஒருநாளும் திறந்ததில்லை, வாளியும் கோப்பையும்தான்.

"மூணு" என்றார் அப்பா. "வெள்ளிக்கிழம முழுக்கு. அஞ்சு." பிறகு, கேட்காமலே, "ஒரு வாளிக்கு மூணு நிமிசம்" என்றார். நாற்பத்தொரு வருடம் வெளியே இருந்து கேட்டிருக்கிறார்.

நெல்லைப் பற்றியும் மயிரைப் பற்றியும் நோபேட் அவருக்கு விளங்கப்படுத்தினார். நீயே ஊற்றிப் பார் என்றார் அப்பா.

"எனக்கு அக்கா ஊத்துற மாதிரி ஊத்தத் தெரியா அண்ணன். உங்களுக்குத்தான் தெரியும்."

அப்பா கதிரையை விட்டு அசையவில்லை. நோபேட்டும் அசையவில்லை. கோழி ஒன்று இருவருக்கும் நடுவால் நடந்து போனது. நோபேட் குரலைத் தாழ்த்தினார்.

"கேட்டீங்கதானே, அவள் போனில ஏசினத. என்ட வீட்டுலயும் நாளைக்குத்தான். எல்லா வீட்டுலயும் நாளைக்குத்தான் அண்ணன். நாளைக்கு எண்டு சொன்னது வேற. தண்ணி எங்கமட்டும் வந்தது எண்டது வேற. ரெண்டாவதப் பாப்பம், வாங்க."

அப்பா எழுந்தார். குளியலறை வாசலில் கொஞ்சம் நின்றார். பிறகு அந்த டைலை மிதிக்காமல், மடங்காத காலை முன்னுக்குப் போட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நோபேட் தரையைத் துணியால் ஒற்றித் துடைத்திருந்தார். ஐந்து வாளிகளையும் நான் நிரப்பி வைத்தேன். நோபேட் துளையருகே முழந்தாளிட்டு, காதிலிருந்த பென்சிலைக் கையில் எடுத்தார்.

அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். கோப்பையால் அள்ளி ஊற்றினார். தோளளவு உயரத்திலிருந்து, இரண்டு கோப்பை வேகமாக, பிறகு ஒரு இடைவெளி, பிறகு ஒரு கோப்பை மெல்ல. சவர்க்காரம் போடுகிற இடைவெளி. அதையும் அவர் விடவில்லை.

முதல் வாளி முடிந்தபோது தண்ணீர் துளையைச் சுற்றி ஒரு தட்டளவு நின்றது, சுழன்று மெல்ல இறங்கியது. நோபேட் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டார். இரண்டாவது வாளியில் அது ஒரு டைல் முன்னேறியது. கோடு. மூன்றாவதில் அரை டைல். நெல் அடைத்திருந்தபோது இந்த மூன்றாவதில்தான் தண்ணீர் அந்த டைலைத் தாண்டியது. அப்பா நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் ஊற்றவா என்று கேட்டேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

நான்காவது வாளி முழுக்கின் பெரிய வாளி. சீயாக்காய் கழுவுகிற தண்ணீர். இடைவெளி இல்லாமல் விழுந்தது. தண்ணீர் வேகமாக வந்தது, மூன்று விரல், நாலு விரல், ஒரு சாண். அப்பா தரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கோப்பையையே பார்த்து ஊற்றினார். ஐந்தாவது வாளி. கடைசிக் கோப்பை. வாளியைக் கவிழ்த்து உள்ளே இருந்த மிச்சத்தையும் ஊற்றினார்.

தண்ணீர் இன்னும் கொஞ்சம் வந்தது. நின்றது. நோபேட் குனிந்து ஓரத்தில் கோடு போட்டார். பிறகு அது பின்னால் போகத் தொடங்கியது.

நான் டேப்பை எடுத்து அளந்தேன். கடைசிக் கோட்டிலிருந்து அந்த டைலின் ஓரம் இருபத்துமூன்று சென்ரிமீற்றர்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, மடங்குகிற காலை மடக்கிக் குனிந்தார். அந்த டைலில் உள்ளங்கையை வைத்தார். எடுத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. இன்னொரு முறை வைத்தார்.

"அப்ப ஏன் விழுந்தவ?" என்றார்.

நோபேட் பென்சிலைக் காதில் செருகினார். "அது எனக்குத் தெரியா அண்ணன். இந்தக் கல்லுக்குத் தண்ணி வரல்ல. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

ஈரக் காலுக்கு எந்த டைலும் வழுக்கும். அதை நான் சொல்லவில்லை. நோபேட்டுக்கும் தெரியாமல் இருக்காது. அவரும் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை, குறைக்கவும் இல்லை. தரை முழுதும் வடிய நாலு நிமிடமும் இருபது விநாடியும் எடுத்ததாக அப்பா சொன்னார். டிப்போவில் பஸ் நேரம் அறிவிக்கிற குரல் அது. அந்தக் குரலை நான் இருபத்துநான்கு நாளாகக் கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நோபேட் மயிரை எடுத்தார். நீளக் கேபிள், மூன்று சுற்று, ஒரே இழுவை. வெள்ளையும் நடுநடுவே கறுப்புமாக, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. மற்றவர்களுடையது அதற்குள் எங்கேயோ இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரியவில்லை. வாளித் தண்ணீரில் இரண்டு முறை அலசி, பிழிந்து, பேப்பரில் நெல்லுக்கு வலப்பக்கம் வைத்தார். உங்கட ஏதும் கிடக்கா என்று கேட்கவில்லை. கேபிள்களைக் கழுவ வேண்டும் என்று கிணற்றடிக்குப் போனார். மூன்று கேபிள்களைக் கழுவ அவ்வளவு நேரம் எடுக்காது. திரும்பி வந்தபோது பேப்பரில் பூவும் நெல்லும் மட்டும் இருந்தன. அவர் அதைப் பார்த்தார், மடித்தார், வேலி ஓரத்தில் ஒரு பிடி மண்ணைத் தோண்டிப் புதைத்தார்.

மூடியைப் பூட்டி, நான்கு ஆணிகளையும் தீப்பெட்டியிலிருந்து எடுத்து முறுக்கிய பிறகு, வெளிக்குழாயைப் பார்க்க வேண்டும் என்றார். குழாய் வளவின் பின்பக்கம் திறந்து, ஒரு சிறு வாய்க்காலாகத் தென்னையடிக்குப் போகிறது. நானும் போனேன். கடைசியாக ஒரு வாளி ஊற்றும்படி யன்னல் வழியாக அப்பாவிடம் சொன்னார். வாய்க்காலுக்கு இருபுறமும் காலை ஊன்றிக் குந்திக்கொண்டார்.

தண்ணீர் வந்தது. முதலில் கறுப்பு, பிறகு மண்ணிறம், பிறகு தெளிவு. ஒரே வீச்சில் வந்து முடிந்தது. சரி என்று நோபேட் தலையை ஆட்டினார். எழும்பப் போனவர் எழும்பவில்லை. உள்ளே கதவின் கொக்கி விழுகிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குழாயில் திரும்பவும் தண்ணீர். இம்முறை வாளித் தண்ணீர் இல்லை. மெல்லிய, நிற்காத ஒழுக்கு. யாரோ ஷவரைத் திறந்திருக்கிறார்கள். நான் பேச வாயெடுத்தேன். நோபேட் கையை உயர்த்தித் தடுத்தார், குழாய்த் துண்டைக் காதில் வைத்திருக்கும்போது தடுப்பதைப் போல. சிறிது நேரத்தில் தண்ணீரோடு வெள்ளை நுரை வந்தது. சவர்க்கார மணம் வந்தது.

நோபேட் எழுந்தார். சாரனை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு, ஒடுங்கிய பாதையில் மூத்தவர் ஒருவர் எதிரே வரும்போது விலகுவதைப் போல, வாய்க்காலை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்.